தொப்பியும் அங்கியும் ஐந்து வயதுக்குத் தேவையா?

கேள்வி

என் மகனுக்கு அடுத்த மாதம் மழலையர் வகுப்பு முடிகிறது. கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, மேடை, புகைப்படக்காரர் என்று பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. எனக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிகிறது. மனைவிக்கு அப்படித் தெரியவில்லை. படிப்பையே இனிமேல்தான் தொடங்கப்போகிற குழந்தைக்குப் பட்டம் எதற்கு? அன்று அனுப்பாமல் விட்டுவிட்டால் என்ன?

பிப்ரவரி 8

பதினான்கு ஆண்டுகளாக மழலையர் வகுப்பு எடுக்கிறேன். இந்த விழாவை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒரு விதமாகச் சொல்வார்கள். திரைக்குப் பின்னால், வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, நீளமான அங்கிகளை மடித்துக் குத்தியவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். நான் ஊக்குக் கட்சி. என் பதில்: தேவையில்லை.

மூன்று வாரம் ஒத்திகை நடக்கிறது. மூன்று வாரமும் கதை நேரம் போய்விடும், மணலில் விளையாடும் நேரம் போய்விடும். அதற்குப் பதிலாகக் குழந்தைகள் கற்றுக்கொள்வது: பெயர் கூப்பிட்டால் நடக்க வேண்டும், வலது கையால் கைகுலுக்கி இடது கையால் சுருளை வாங்க வேண்டும், கேமரா பக்கம் திரும்பி மூன்று எண்ணும்வரை சிரிக்க வேண்டும், இறங்க வேண்டும். இதில் வலது, இடது தவிர வேறெதுவும் பாடத்தில் இல்லை. அதையும் பாதிப் பேர் மாற்றித்தான் செய்வார்கள்.

தொப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சதுரத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கொத்தனார் சாந்து ஏந்தும் பலகையின் பெயர்தான். பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. ஐந்து வயதுத் தலையில் பலகை நிற்காது. அதனால் தாடைக்குக் கீழே எலாஸ்டிக் போடுகிறோம். எலாஸ்டிக் இறுகினால் தொண்டையில் சிவந்த கோடு விழும், தளர்ந்தால் தொப்பி மூக்குக்கு இறங்கும். இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு ஒன்று இருக்கத்தான் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் என் கையில் அது அகப்படவில்லை. குஞ்சமோ வாய்க்கு எட்டும் தூரத்தில் தொங்கும். விழா முடிந்து தொப்பிகளைத் திரும்ப வாங்கும்போது பாதிக் குஞ்சங்கள் ஈரமாக இருக்கும்.

பிப்ரவரி 8, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த வயதுக்கு வேண்டிய பட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு வாலும் நூலும் உண்டு, காற்று அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 10

"வேடிக்கையாக எழுதிவிட்டுப் போகாதீர்கள், இதனால் என்ன கெடுதல் என்று சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடந்த இடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் மழலையர் பள்ளி. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள, படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 51 குழந்தைகள். "நீ வரைந்தால் உனக்கு நல்ல விளையாட்டுக்காரர் சான்றிதழ் கிடைக்கும்" என்று காட்டினார்கள். தங்க நிற முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ். குழந்தைகள் வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாமல் அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். சான்றிதழ் வாங்கியவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம், வாங்காதவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதி.

தங்க முத்திரை, ரிப்பன், சான்றிதழ். நாம் மேடையில் கொடுப்பதும் அதேதான். கெடுதல் இதுதான்.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதை அழிக்கப்போவதில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். ஒரு வாசகர் பிடித்துவிட்டார், சரியாகவே பிடித்தார்.

அந்த ஆய்வில் மூன்று குழுக்கள். முன்கூட்டியே ஆசை காட்டப்பட்டுச் சான்றிதழ் வாங்கிய குழு ஒன்று. எதுவும் கிடைக்காத குழு இன்னொன்று. மூன்றாவது குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரையவிட்டு, முடிந்தபின் அதே சான்றிதழைத் திடீரென்று கொடுத்தார்கள். அவர்களுக்கு ஆசை குறையவே இல்லை. ஆகவே ஆசையைக் கெடுத்தது ரிப்பன் அல்ல. "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்ற பேரம்.

அப்படிப் பார்த்தால் நம் விழாவில் பேரம் இருக்கிறதா? சில வகுப்புகளில் இருக்கிறது. "ஒழுங்காக உட்காராவிட்டால் உனக்குத் தொப்பி கிடையாது" என்று சொல்கிற குரலைப் பல வகுப்பறைகளில் கேட்டிருக்கிறேன். ஒருமுறை அந்தக் குரல் என்னுடையதாகவும் இருந்தது. அதை மட்டும் நிறுத்தினாலே பாதிக் கெடுதல் போய்விடும் போலிருக்கிறது. என் வாதம் நேற்றைவிட இன்று மெலிந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13

வாதம் மெலிந்தால் கதை சொல்ல வேண்டியதுதான்.

மேடையில் கொடுக்கும் சுருள் பெரும்பாலும் வெற்றுத்தாள் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. உண்மையான சான்றிதழ்களைப் பெயர் மாறாமல் வரிசைப்படுத்திக் கொடுப்பது முடியாத காரியம். ஒரு குழந்தை கழிப்பறைக்குப் போனால் அதன்பின் வரும் அத்தனை பேருக்கும் பக்கத்தவர் பெயர் போய்விடும். அதனால் வெற்றுத்தாளைச் சுருட்டி ரிப்பன் கட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பையில் உண்மையானதை வைத்து அனுப்புவோம்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி கைகுலுக்கினாள், சுருளை வாங்கினாள், கேமராவைப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே ரிப்பனை உருவினாள். தாளை விரித்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பக்கத்தில் மைக் இருந்தது. "இதில் ஒன்றுமே எழுதவில்லை" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. யாரோ தவறு செய்துவிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டியது தன் கடமை என்பதுபோல் மேடையின் நடுவில் அப்படியே நின்றாள். நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அவள் சொன்னதுதான் இந்த விழாவைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம்.

பிப்ரவரி 14

மேலே உள்ள கதையை அந்த ஆண்டு என்னுடன் வேலைபார்த்த தோழிக்குக் காட்டினேன். "கதை நன்றாகத்தான் இருக்கிறது, நடந்தது அதுவல்ல" என்றார்.

நடந்தது இது. வெற்றுத்தாள் தீர்ந்துவிட்டது. கடைசிப் பத்துச் சுருள்களுக்கு அலுவலக அறையில் மிஞ்சிக் கிடந்த பழைய அறிவிப்புத் தாள்களைச் சுருட்டினோம். அந்த ஆண்டு வகுப்பில் பேன் தொல்லை. வீட்டில் தலையைப் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்கு அனுப்பிய அறிவிப்பு அது. சிறுமி தாளை விரித்துத் திருப்பிப் பார்த்தது உண்மை. "ஒன்றுமே எழுதவில்லை" என்று அவள் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த எழுத்துகளை விரல் வைத்துக் கூட்டினாள். மைக்கில் கேட்ட ஒரே சொல்: "பே...ன். பேன்."

தோழி சொன்னதும் எனக்கு எல்லாம் திரும்ப வந்தது. தலைமை ஆசிரியையின் முகம் உட்பட. எத்தனை முறை இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, என் கட்சிக்கு வசதியாக அதைச் செதுக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஓராண்டுக்கு முன் "ப" எழுத்தைத் தலைகீழாக எழுதியவள் அவள். தெரியாத ஒரு தாளில், முன்னூறு பேர் முன்னால், யாரும் கேட்காமல் ஒரு சொல்லைப் படித்தாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

பிப்ரவரி 17

கொஞ்சம் திசைமாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழலையர் பள்ளி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் என்ற ஜெர்மானியர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் தொடங்கினார். 1840இல் அதற்குக் "குழந்தைகளின் தோட்டம்" என்று பெயர் வைத்தார். அவர் தயாரித்த விளையாட்டுப் பொருள்களைப் "பரிசுகள்" என்றே அழைத்தார். முதல் பரிசு கம்பளி நூல் பந்துகள். இரண்டாவது, மரத்தில் செய்த கோளம், கனசதுரம், உருளை. அடுத்தடுத்த பரிசுகளில் கட்டைகள் வந்தன. அவரிடம் பரிசு என்றால் வேலை தொடங்குவதற்குக் கொடுப்பது, முடித்ததற்குக் கொடுப்பதல்ல. பந்தைக் கையில் வாங்கிய பிறகுதான் குழந்தைக்கு வேலையே ஆரம்பம்.

1851இல் பிரஷ்ய அரசு இந்தப் பள்ளிகளைத் தடைசெய்தது. நாத்திகம் பரப்புகின்றனவாம், மக்களைத் தூண்டிவிடுகின்றனவாம். மரக்கட்டை அடுக்கும் குழந்தைகளைக் கண்டு ஓர் அரசு பயந்தது என்பது என் தொழிலுக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். 1860இல்தான் தடை நீங்கியது. ஃபிரோபெல் 1852இலேயே இறந்துவிட்டார்.

அதே வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, முதல் வகுப்புக்குப் போகும் முதல் நாளில் குழந்தையின் கையில் பெரிய காகிதக் கூம்பு ஒன்றை, உள்ளே இனிப்பு நிரப்பிக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. முடிப்பதற்கல்ல, நுழைவதற்கு. இதை ஏன் சொல்கிறேன் என்று எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 18

"ஒபாமாவே இதைக் கிண்டல் செய்திருக்கிறார்" என்று ஒருவர். ஆமாம், 2008 ஜூனில் தந்தையர் தினத்தன்று சிகாகோவில் ஒரு தேவாலயத்தில் பேசும்போது சொன்னார். ஆனால் அவர் பேசியது எட்டாம் வகுப்பு விழாவைப் பற்றி. எட்டாம் வகுப்பை முடிப்பது சாதனை அல்ல, முடித்துத்தான் ஆக வேண்டும். அதோடு நின்றுவிடாதே என்பது அவர் வாதம். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதோடு நின்றுவிடக்கூடும். ஐந்து வயதுப் பிள்ளை நின்றுவிட முடியாது, எங்கே போகும்? அந்த வாதம் இங்கே ஒட்டாது.

தொப்பியை மேலே எறிவது பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அது 1912இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பயிற்சி மாணவர்கள் அன்றே அதிகாரிகளாகிவிட்டதால் பழைய தொப்பி இனித் தேவைப்படாது, எறிந்தார்கள். அதில் அர்த்தம் இருந்தது. எங்களிடம் தொப்பி வாடகைக்கு வந்தது, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். போதாததற்கு எலாஸ்டிக் வேறு. ஒரே ஓர் ஆண்டு எறிந்து பார்த்தோம். எறிந்த வேகத்திலேயே திரும்பி வந்து மூக்கில் அடித்தது. ஒருவன் அழுதான், மற்றவர்கள் அதைப் புதிய விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 22

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன். விழா முடிந்துவிட்டது, நான் திரைக்குப் பின்னால் தொப்பிகளை ஐந்தைந்தாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தா பேத்தியின் தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் அலமாரிக்குப் பின்னால் குனிந்திருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. "டீச்சர்" என்று ஒருமுறை கூப்பிட்டார். என் வாயில் ஊக்கு இருந்தது, உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொப்பியைத் தன் தலையில் வைத்தார். எலாஸ்டிக் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. கண்ணாடி எதுவும் அங்கே இல்லை. படம் எடுக்கவும் ஆள் இல்லை. ஐந்து நொடி இருக்கும். பிறகு கழற்றி, குஞ்சத்தை விரலால் நீவி நேராக்கி, அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் எதுவரை படித்தவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

"இது பெற்றோருக்காக நடத்தும் விழா, குழந்தைகளுக்காக அல்ல" என்று இந்த இழையிலேயே நான்கைந்து பேர் குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். பெரியவர்களுக்காக நடத்துவது குற்றமா என்று அந்த ஐந்து நொடிக்குப் பிறகு என்னால் அத்தனை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குழந்தையை அதற்கு எவ்வளவு நேரம் நிற்கவைக்கிறோம் என்பதுதான் கேள்வி. அரை மணி நேரம் என்றால் சரி. மூன்று வாரமும் இரண்டரை மணி நேரமும் என்றால் சரியில்லை.

பிப்ரவரி 23

முதல் நாள் எழுதிய "தேவையில்லை" என்பதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். தொப்பி பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை.

மார்ச் 1

யாரும் கேட்காத ஒரு கேள்வி: எல்லோரும் மேலே போகும்போது ஒரு குழந்தை மட்டும் போகாவிட்டால்?

ஒரு பையன். வயது வரம்பின் விளிம்பில் பிறந்தவன். பேச்சும் கொஞ்சம் தாமதம். இன்னும் ஓராண்டு இதே வகுப்பில் இருக்கட்டும் என்று பெற்றோரும் நாங்களும் சேர்ந்து முடிவெடுத்தோம். நல்ல முடிவு, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விழா வந்தது. அவனுக்கு அங்கி உண்டா, இல்லையா?

கூட்டம் போட்டுப் பேசினோம். கொடுக்காவிட்டால் முப்பது பேர் கறுப்பில், இவன் ஒருவன் மட்டும் வெளியே. கொடுத்தால் பொய். பொய்யே மேல் என்று கொடுத்தோம். அழகாக நடந்து வந்தான், வலது கையால் கைகுலுக்கினான், யாருக்கும் இல்லாத துல்லியம். புதிய ஆண்டின் முதல் நாள் அதே வகுப்புக்குள் வந்து, என்னைப் பார்த்து, "இது அந்த வகுப்பு" என்றான். வழிதவறிய என்னைத் திருத்துகிற குரலில்.

அடுத்த ஆண்டும் பட்டம் வாங்கினான். ஆசிரியர் அறையில் அவனை "இரட்டைப் பட்டதாரி" என்போம். சிரிப்போம். பிறகு பேச்சை மாற்றிக்கொள்வோம். "பட்டம்" என்றால் ஒன்றை முடித்தவர், முடிக்காதவர் என்று பிரித்தே ஆக வேண்டும். அதுதான் அதன் வேலை. ஐந்து வயதில் அந்தக் கோட்டை எதற்குக் கிழிக்க வேண்டும்?

மார்ச் 2

கோடு பற்றி எழுதியதும் என் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. என் மகளுக்கும் இதே விழா நடந்தது, வேறு பள்ளியில். அங்கி, தொப்பி, சுருள், எல்லாம். விடுமுறை முடிந்து முதல் வகுப்புக்குக் கிளம்பும் நாள் காலையில் செருப்பைப் போட மறுத்துவிட்டாள். "எனக்குத்தான் பட்டம் கொடுத்துவிட்டார்களே, இன்னும் எதற்குப் போக வேண்டும்?"

முன்வைக்க என்னிடம் ஒரு வாதமும் இல்லை. "பட்டம் வாங்கினவர்கள் படிப்பை முடித்தவர்கள்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இழுத்துக்கொண்டுதான் போனேன். வழி முழுக்கச் சட்டம் பேசினாள்.

மார்ச் 5

கேள்வி கேட்ட தந்தைக்கு இதுவரை நேராகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும். அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகன் இந்நேரம் ஒத்திகையில் பாதி வந்திருப்பான். யாருக்குப் பின்னால் நடக்க வேண்டும், யார் தனக்குப் பின்னால் வருவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் வராவிட்டால் அவனுக்குப் பின்னால் நிற்கும் குழந்தை குழம்பிவிடும். அது அவனுக்கும் தெரியும். உங்கள் கொள்கைக்கு அவனை விலையாகக் கொடுக்க வேண்டாம். அவனாகவே "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் அது வேறு. மேடை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. வெளிச்சமும் சத்தமும் கழுத்தைச் சுற்றிய துணியும் அவர்களுக்கு உண்மையிலேயே வேதனை. அவர்களைத் தள்ளிவிடவே கூடாது. கேட்டுப் பாருங்கள், கேட்டுவிட்டு அவன் சொல்வதை நம்புங்கள்.

அங்கி பெரும்பாலும் பாலியெஸ்டர். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டுவிடுங்கள். கிளம்பும் முன் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். அவன் மேடை ஏறியதும் முதலில் தேடுவது உங்கள் முகத்தைத்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கைப்பேசியின் முதுகு இருந்தால் அவன் யாரைப் பார்த்துச் சிரிப்பான்? படம் எடுக்கத்தான் ஆள் இருக்கிறார்களே.

மார்ச் 9

காகிதக் கூம்பை ஏன் குறித்துவைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

1909இல் அர்னால்ட் வான் ஜெனெப் என்பவர் உலகெங்கும் உள்ள சடங்குகளை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும் சடங்குகளில் மூன்று கட்டங்கள் உண்டு என்றார்: பழையதிலிருந்து பிரிவது, இடையில் நிற்பது, புதியதில் சேர்வது. நம் விழாவை இதில் வைத்துப் பாருங்கள். பிரிப்பதை ஆரவாரமாகச் செய்கிறோம். பிறகு நீண்ட விடுமுறை. இடையில் நிற்கும் கட்டம். அதன்பின் சேர்ப்பது? பெரிய கட்டடம், புதிய ஆசிரியை, தெரியாத கழிப்பறை. வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அன்று யாரும் கைதட்டுவதில்லை. கதறி அழும் குழந்தைகளை நான் பார்ப்பது பட்டமளிப்பு நாளில் அல்ல, அந்த நாளில்தான்.

பிரிவதையாவது ஒழுங்காகச் செய்கிறோமா என்றால் அதுவும் இல்லை. குழந்தை எதைப் பிரிகிறது? படிப்பையா? பை மாட்டும் கொக்கியை. தூங்கும் பாயை. கால் ஆடும் அந்த ஒரு நாற்காலியை. மேடையில் இவற்றில் ஒன்றும் இல்லை.

மார்ச் 10

"ஐந்து வயதில் நடப்பது எதுவும் நினைவில் நிற்காது, எதற்கு இத்தனை சர்ச்சை" என்கிறார் ஒருவர். முற்றிலும் சரியல்ல. பெரும்பாலோருக்கு நினைவில் உள்ள முதல் சம்பவமே மூன்று, மூன்றரை வயதையொட்டித்தான் இருக்கும். ஐந்து வயதில் நடப்பதில் துண்டு துண்டாக மிஞ்சும். எந்தத் துண்டு என்பது நம் கையில் இல்லை. என் மகளுக்கு இப்போது பதினேழு. விழாவில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். "முன்னால் நின்றவளின் பின்னல் அவிழ்ந்துகொண்டிருந்தது. சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 16

தலைமை ஆசிரியையிடம் பேசினேன். விழாவை நிறுத்த முடியாது, மண்டபம் உறுதியாகிவிட்டது. ஆனால் ஒத்திகை மூன்று வாரத்திலிருந்து மூன்று நாளாகக் குறைந்தது. தவறாக நடந்தால் நடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்; இதற்கே நான் அவருக்கு ஒரு சுருள் கொடுக்கலாம். கூடவே, கடைசி நாளில் வகுப்பறையிலேயே, பெற்றோர் இல்லாமல், அரை மணி நேரம் எனக்கு விட்டுத்தருவதாகவும் சொன்னார்.

மார்ச் 27

விழா முடிந்தது. மூன்று நாள் ஒத்திகைக்கும் மூன்று வார ஒத்திகைக்கும் ஒரே அளவுதான் தவறு நடந்தது. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் எத்தனை கதை நேரம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி கேட்ட தந்தையும் போய்வந்ததாக எழுதியிருக்கிறார். மகன் இடது கையை நீட்டினானாம், விருந்தினரும் இடது கையையே நீட்டினாராம். அந்த விருந்தினரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி அந்த அரை மணி நேரம். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு பெயர்ச்சீட்டு, பக்கத்தில் ஒரு படம்: குடை, மீன், ஏணி என்று. சேரும்போது பெயரைப் படிக்கத் தெரியாது, படத்தை வைத்துத்தான் தங்கள் கொக்கியைக் கண்டுபிடிப்பார்கள். இப்போது படம் தேவையில்லை. "உங்கள் சீட்டை நீங்களே உரித்து எடுங்கள்" என்றேன்.

இத்தனை நேரம் எடுக்கும் என்று நினைக்கவில்லை. சிலர் ஒரே இழுப்பில் எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி நகத்தால் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி, கிழியாமல் எடுக்கக் கால் மணி நேரம் நின்றாள். உதவிக்குப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டாள். குடைக்காரன் உரிக்க மாட்டேன் என்றான். "இருக்கட்டும். எடுத்துவிட்டால் வேறு யாராவது பை மாட்டிவிடுவார்கள்." இருக்கட்டும் என்றேன்.

சீட்டுகளுடன் வரிசையாகப் புதிய வகுப்பறைக்குப் போனோம். அங்கும் கொக்கிகள் உண்டு. ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்து ஒட்டச் சொன்னேன். பசை போய்விட்டதால் ஒட்டவில்லை, டேப் தேடி எடுத்துவர வேண்டியிருந்தது. அப்போதுதான் தெரிந்தது: முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குக் கொக்கி எட்டவில்லை. அது பெரிய பிள்ளைகளுக்காக அடித்த உயரம். ஆண்டுதோறும் முதல் வகுப்பின் முதல் நாளில் பைகள் தரையில் கிடப்பதைப் பார்த்து, "இவர்களுக்கு இன்னும் ஒழுங்கு வரவில்லை" என்று பேசிக்கொண்டவர்கள் நாங்கள்.

மார்ச் 28

சிலர் இதற்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் அடுத்த ஆண்டு அதற்கு அழைப்பிதழ் அச்சாகும், அதற்கடுத்த ஆண்டு ஒத்திகை வரும்.

ஜூன் 12

இழை தூங்கிவிட்டது, தெரியும். ஒரு செய்தி மட்டும்.

தச்சர் வந்து கொக்கிகளைத் தாழ்த்தி அடித்துவிட்டார். முதல் நாளில் அழுகை இருந்தது, ஆனால் பைகள் தரையில் இல்லை. குடைக்காரன் மட்டும் இடைவேளையில் எங்கள் பழைய வகுப்புக்கு ஓடி வந்தான். அவனுடைய கொக்கியில் புதிய குழந்தையின் பெயர், அவன் சீட்டுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. உரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் புதிய சீட்டின் ஒரு மூலையை நகத்தால் தூக்கினான், அடியில் பார்த்தான், திரும்ப அழுத்தி ஒட்டினான். "டீச்சர், இவனுக்கும் குடைதானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மணி அடித்தது, ஓடிவிட்டான்.

நேற்று ஆசிரியர் கூட்டத்தில் அடுத்த ஆண்டு விழாவுக்கான வேலைகளைப் பிரித்தார்கள். இந்த முறை தொப்பிகளை வாடகைக்கு எடுக்கப்போவதில்லை, சொந்தமாகவே வாங்கப்போகிறார்களாம். முப்பத்தைந்து தொப்பிகள். எலாஸ்டிக் என் பொறுப்பு.